ஸ்ப்ரே அடிச்சா போகாது தங்கச்சி, ஈரம் எங்கன்னு தேடுங்க

கேள்வி:

அண்ணா வணக்கம். நாங்க சேலம் கன்னங்குறிச்சிங்க. எங்க வீட்டுக்காரரு ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல கணக்கு பாக்குறாரு, வாரத்துல மூணு நாளு கார்லதான் மேல போயிட்டு வருவாரு, சனிக்கிழமைன்னா நானும் பையனும் கூட போவோம். ஏழு வருஷம் ஆன சின்ன வண்டிதான். மூணு வாரமா கார் உள்ள குட்டி குட்டியா ஈ பறக்குது. மொதல்ல நாலஞ்சு இருந்துச்சு, இப்ப கதவத் தெறந்தாலே மூஞ்சில வந்து மோதுது. உத்துப் பாத்தா ரெண்டு தினுசு மாதிரி தெரியுது, ஒண்ணு பிரவுனா குண்டா இருக்கு, இன்னொண்ணு கருப்பா கொசு மாதிரி, ஆனா கடிக்கல. கொசு ஸ்ப்ரே அடிச்சு கண்ணாடிய ஏத்தி வெச்சோம், அன்னைக்கு செத்துக் கெடந்துச்சு, அஞ்சாவது நாள் மறுபடி வந்துருச்சு, திரும்ப அடிச்சோம், திரும்ப வந்துச்சு. ஏசி போட்டா மொத ரெண்டு நிமிஷம் ஈரத்துணி வாடை வேற. போன வாரம் கொண்டை ஊசி வளைவுல எறங்கும்போது ஒண்ணு அவரு கண்ணுக்குள்ளயே போயிருச்சு, எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு. மாமியார் சாம்பிராணி போடச் சொல்றாங்க. பக்கத்து வீட்டு அண்ணன், தானியத்துக்கு வெக்கிற மாத்திர ஒண்ணு உள்ள வெச்சு ஒரு ராத்திரி பூட்டி வெச்சா சுத்தமா போயிரும்ங்கறாரு. வெக்கலாமா? பையனுக்கு லேசா வீசிங் இருக்கு. வர்ற திங்கக்கெழம ஸ்கூல் தெறக்குறாங்க, கார்லதான் கொண்டுபோய் விடணும். அப்புறம் ஒரு மாசம் முன்னாடி மேல இருந்து பலாப்பழம் ஒண்ணு கொண்டாந்தோம், டிக்கில கொஞ்சம் கசிஞ்சுது, ஆனா தொடச்சிட்டோம்ங்க.

பதில்:

தங்கச்சி, மத்த எல்லாத்தையும் அப்புறம் பேசுவோம், மொதல்ல அந்த மாத்திர. வேண்டவே வேண்டாம். அது அலுமினியம் பாஸ்பைடுங்க, காத்துல இருக்குற ஈரம் பட்டாலே பாஸ்பீன்னு ஒரு கேஸ் விடும், மூட்டைக்குள்ள இருக்குற வண்டு சாகுறது அந்த கேஸ்லதான், மனுசனுக்கும் அதே கதிதான், உள்ள போயிருச்சுன்னா அதுக்கு மாத்து மருந்தே கெடையாது. உங்க வண்டி மேட்டிங்குல (ரப்பர் மேட்டுக்குக் கீழ தரையோட விரிச்சிருக்குற கார்பெட்டு) ஈரம் இருக்குன்னு எனக்குப் பலமா தோணுது (ஏன்னு கீழ சொல்றேன்), ஈரத்துல அது இன்னும் வேகமா கேஸ் விடும், பாதி கரைஞ்ச தூளு எங்கயாச்சும் சீட்டு அடியில கெடந்தா நீங்க கதவத் தெறந்து காத்தாட விட்டதுக்கு அப்புறமும் விட்டுக்கிட்டே இருக்கும். அந்த கேஸு செம்பையும் அரிக்கும், கார்ல இருக்குற ஒயரிங், போர்டு எல்லாம் செம்புதான. ஈய ஓட்டப் போயி உசுரையும் வண்டியையும் சேத்து பணயம் வெக்கிற வேல அது. பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசுலதான் சொல்லியிருப்பாரு, அவருகிட்ட மாத்திர இருந்துச்சுன்னா அத பையன் கைக்கு எட்டாத எடத்துல வெக்கச் சொல்லுங்க, அவ்ளோதான். சில பேரு நுவான் ரெண்டு சொட்டு பஞ்சுல நனச்சு வைன்னும் சொல்லுவாங்க, அந்த டைக்ளோர்வாஸ் மருந்த நம்ம நாட்டுல 2020 டிசம்பர் 31-லயே முழுசா தடை பண்ணியாச்சு, பழைய பாட்டில் எங்கயாவது இருந்தாலும் தொடாதீங்க.

சாம்பிராணி விஷயம். மாமியார்கிட்ட கோச்சுக்காதீங்க, வீட்டுல வெள்ளிக்கெழம தாராளமா போடட்டும், கார் உள்ள வேண்டாம், வீசிங் இருக்குற புள்ள ஒக்காருற சீட்டு பஞ்சு அந்தப் பொகைய நாள் கணக்குல குடிச்சு வெச்சுக்கும், அப்புறம் ஒரு கங்கு மேட்டிங்குல விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. அந்துருண்டையும் அதே மாதிரிதான், மூடுன கார்ல வெயில்ல அது ஆவியாகி அந்தக் காத்தத்தான் நீங்க எல்லாரும் மூச்சா இழுப்பீங்க, சின்னப் புள்ளைங்க ரத்தத்துக்கே அது ஆகாது.

ஸ்ப்ரே ஏன் வேல செய்யலன்னு கேட்டீங்கன்னா, அது செஞ்சுச்சு, நல்லாவே செஞ்சுச்சு, பறந்துக்கிட்டு இருந்தத எல்லாம் கொன்னுருச்சு. பறக்குறது இந்தக் கதைல கடைசிப் பக்கம். என் பொண்ணு ஜுவாலஜி படிக்குது, அதுதான் எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்துச்சு, அந்த பிரவுன் ஈ பேரு ட்ரோசோபிலாவாம், பழ ஈ, இத வெச்சு ஆராய்ச்சி பண்ணித்தான் மார்கன்னு ஒரு அமெரிக்காக்காரர் 1933-ல நோபல் பரிசே வாங்கியிருக்காரு, நான் இருபது வருஷமா அத பேப்பர சுருட்டி அடிச்சிட்டு இருந்திருக்கேன். ஒரு பொட்டச்சி ஈ வாழ்நாள்ல நானூறு முட்ட வரைக்கும் போடும், ஒரு நாள்ல பொரிஞ்சுரும், புழு நாலஞ்சு நாள் அந்தப் புளிச்ச சாறத் தின்னுட்டு, அப்புறம் பக்கத்துல கொஞ்சம் காஞ்ச எடமா பாத்து ஏறி கூட்டுப்புழுவா மாறும், அதுல ஒரு நாலஞ்சு நாளு, அப்புறம் ஈ. நம்ம ஊர் சூட்டுக்கு மொத்தமே எட்டு பத்து நாள்ல முடிஞ்சிரும். இப்ப உங்க கணக்கப் பாருங்க, ஸ்ப்ரே அடிச்ச அன்னைக்கு கூட்டுக்குள்ள இருந்ததுக்கு மருந்து படல, அது அஞ்சு நாள்ல வெளிய வந்துருச்சு, நீங்களும் கரெக்டா அஞ்சாவது நாள்னுதான் எழுதியிருக்கீங்க. இன்னும் பத்து டப்பா வாங்குனாலும் இதே கணக்குதான் ஓடும். அது போக அந்த டப்பாக்குள்ள இருக்குற கேஸு பெரும்பாலும் தீப்பிடிக்கிற கேஸு, மூடுன கார்ல அடிச்சு நெறச்சிட்டு உடனே சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்றது எனக்கு எப்பவுமே வயித்தக் கலக்குற விஷயம்.

நீங்க ரெண்டு தினுசுன்னு எழுதுனதுதான் உங்க லெட்டர்லயே பெரிய விஷயம், நெறய பேரு அதப் பாக்குறதே இல்ல. பிரவுன் குண்டு, கண்ணு செவப்பா இருந்தா பழ ஈ, செல்லோடேப்புல ஒண்ண ஒட்டி போன் கேமரால ஜூம் பண்ணிப் பாருங்க, செவப்புக் கண்ணு நல்லாத் தெரியும். கருப்பா, காலு நீளமா, கொசு மாதிரி இருந்தும் கடிக்காதது பூஞ்சை ஈ, நர்சரி வெச்சிருக்குறவங்களக் கேட்டா தெரியும், தொட்டி மண்ணு ரொம்ப ஈரமா இருந்தா கெளம்புமே அது. அதுக்குப் பழம் வேண்டாம், ஈரத்துல மக்கிப் போன எல, பூஞ்சை புடிச்ச எடம் இருந்தா போதும். ஆக உங்க வண்டில ரெண்டு ஊத்துக்கண்ணு இருக்குங்க. நீங்க தொடச்சது ஒண்ண, அதுவும் மேலாப்புல. இன்னொண்ணு எங்க இருக்குன்னே இன்னும் தெரியல. அதான் விடாம வந்துக்கிட்டே இருக்கு.

இன்னொரு ரெண்டு ஜாதியும் உண்டு, சுருக்கமா சொல்லிடுறேன். றெக்கைல முடி முடியா குட்டி அந்துப்பூச்சி மாதிரி இருந்தா அது சாக்கட ஈ, தண்ணி தேங்கி பாசி புடிச்ச எடம் எங்கயோ இருக்குன்னு அர்த்தம். முதுகு கூனி, பறக்குறத விட விறுவிறுன்னு ஓடுறதுதான் ஜாஸ்தின்னா எலி ஏதாச்சும் உள்ள செத்துருச்சான்னு பாக்கணும், சேலத்துல வெளிய நிக்கிற வண்டில எலி நொழையாம இருந்தாத்தான் அதிசயம். உங்களுக்கு அந்த நாத்தம் இருந்தா எழுதியிருப்பீங்க, ஈரத்துணி வாடைன்னுதான் எழுதியிருக்கீங்க, அதனால அத விட்டுரலாம்.

இப்ப என்னோட சந்தேகத்தச் சொல்றேன். உங்க வீட்டுக்காரரு வண்டிய எஸ்டேட்ல எங்க நிறுத்துறாரு? சில்வர் ஓக் மரத்தடியிலன்னு நான் பந்தயமே கட்டுவேன். ஏற்காட்டுல காபிக்கு நெழல் மரமே அதான, அதுமேலதான மொளகுக் கொடியையும் ஏத்தி விட்டிருப்பாங்க, அதோட எல கீறிக் கீறி பெரணி எல மாதிரி இருக்கும், உதுந்து விழுந்தா கண்ணாடில வழுக்கி நேரா வைப்பர் கீழ இருக்குற பிளாஸ்டிக் ஜாலில போயி சொருகிக்கும். அந்த ஜாலிக்கு அடியில ஒரு பள்ளம் இருக்குங்க, மழத் தண்ணி அதுல எறங்கி ரெண்டு பக்கமும் ஓட்ட வழியா முன் சக்கரத்துக்குப் பின்னாடி வெளிய போகணும், அதுதான் கம்பெனிக்காரன் போட்ட வழி. ஏசிக்கு வெளிக்காத்து உள்ள வர்ற வாசலும் அதே பள்ளத்துலதான். எல மக்கி ஓட்ட அடச்சுக்கிச்சுன்னா, மேல சாயங்காலம் ஒரு மழ அடிச்சா போதும், தண்ணி நிக்கும், நின்ன தண்ணி புளோயர் வாசல் வழியா உள்ள எறங்கி இடது பக்கம் முன் சீட்டுல ஒக்காருறவங்க கால் வெக்கிற எடத்துல மேட்டிங்குக்கு அடியில போயி சேந்துரும். மேல இருக்குற ரப்பர் மேட்டு காஞ்சுதான் இருக்கும், அதனால உங்களுக்குத் தெரியாது. அடியில இருக்குற பஞ்சு மாசக்கணக்குல ஊறிக்கிட்டு கெடக்கும். மக்குன எல, ஈரப் பஞ்சு, சாயங்காலம் மூடுன கண்ணாடி, பூஞ்சை ஈக்கு இதவிட சுகமான வீடு ஏற்காட்டுலயே கெடைக்காது.

ஒரு வேள எல இல்லாம ஏசியோட தண்ணி ட்யூபே அடச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. கூலிங் காயில்ல வேர்க்குற தண்ணி ஒரு சின்ன ட்யூப் வழியா வண்டிக்கு அடியில சொட்டணும், மத்தியானம் சேலத்து வெயில்ல பத்து நிமிஷம் ஏசி போட்டு நிறுத்துனா கீழ சின்ன குளமே கட்டும், புழுக்கமான நாள்லயும் ஒரு சொட்டு கூட விழலன்னா அது உள்ளதான் விழுதுன்னு அர்த்தம்.

ரெண்டுல எதுன்னு நீங்களே வீட்டுல கண்டுபுடிக்கலாம், காசு செலவில்ல. இடது பக்கம் மேட்ட எடுத்துட்டு ஒரு நியூஸ்பேப்பர நாலா மடிச்சு மேட்டிங்கு மேல போட்டு அதுமேல ஏறி ஒரு நிமிஷம் நில்லுங்க, தாளு நனஞ்சா கீழ தண்ணி இருக்கு. அந்த ஈரத்த வெரல்ல தொட்டுப் பாருங்க (நக்கிப் பாக்காதீங்க, சில பேரு செய்றாங்க), சும்மா தண்ணியா இருந்தா மழையோ ஏசியோ, வழவழன்னு லேசா இனிப்பு வாசமா இருந்தா அது ரேடியேட்டர் கூலன்ட், அது வேற பிரச்சன, உடனே மெக்கானிக்கிட்ட காட்டணும். அப்புறம் ராத்திரி வண்டிய மூடுறதுக்கு முன்னாடி ஏசி காத்து வர்ற ஒவ்வொரு ஜாலிலயும் ஒரு துண்டு செல்லோடேப்ப ஒட்டுற பக்கம் உள்ள பாத்த மாதிரி குறுக்க ஒட்டி விடுங்க, முழுசா மூட வேண்டாம், டிக்கிலயும் ஸ்டெப்னிக்குப் பக்கத்துல ஒண்ணு. காலைல எந்த டேப்புல எந்த ஈ ஒட்டியிருக்குன்னு பாத்தீங்கன்னா எது எங்க இருந்து கெளம்புதுன்னு அதுவே சொல்லிடும்.

இத ஏன் இவ்ளோ நீட்டி மொழக்குறேன்னா நானே ஒரு தடவ அசிங்கப்பட்டிருக்கேன். ஆத்தூர் பக்கமிருந்து ஒருத்தர் வண்டி கொண்டாந்தாரு, உள்ள இதே மாதிரி ஈ, ஏசி வாடைன்னு சொன்னாரு, நான் பெரிய வேலைக்காரன் மாதிரி டேஷ்போர்டயே கழட்டி காயில வெளிய எடுத்து கழுவி மாட்டுனேன், ரெண்டு நாள் வேல. நாலு நாள்ல திரும்பி வந்துட்டாரு, ஈ அப்படியே இருக்கு. கடைசில பாத்தா பின் சீட்டு ரெயிலுக்கு அடியில புள்ளையோட டிபன் டப்பா, உள்ள பாதி வாழப்பழம், எப்ப போட்டதோ, கரும்பாகு மாதிரி ஆகிக் கெடந்துச்சு. அவர்கிட்ட வாங்குன கூலிய பாதி திருப்பிக் குடுத்தேன். அன்னைல இருந்து டேப்பு ஒட்டாம நான் ஒரு ஸ்குரூ கூட கழட்டுறதில்ல.

சரி வேலைக்கு வருவோம். வியாழக்கெழம இல்ல வெள்ளிக்கெழம, வெயில் இருக்குற நாளா பாத்து வண்டிய காலி பண்ணுங்க, காலின்னா முழுக் காலி, மேட்டு, டிக்கி தட்டு, ஸ்டெப்னி, பையனோட சீட்டு, சீட்டுக்குப் பின்னாடி பாக்கெட்ல இருக்குற குப்பை எல்லாம். அஞ்சு ரோட்டுல வாங்குன தட்டுவடை செட்டு காகிதம் ஒண்ணாவது கெடைக்கும் பாருங்க, சட்னி காஞ்சு போனாலும் ஈக்கு அது விருந்துதான். டேஷ்போர்டுல சாமிக்குப் போட்ட பூ எத்தன நாளாச்சு? ஆயுத பூஜைக்கு வெச்ச எலுமிச்சம்பழம் இன்னும் எங்கயாச்சும் உருண்டு கெடக்கான்னு பாருங்க, நான் பாத்த வண்டில பாதிக்கு மேல அது சீட்டு அடியிலதான் இருக்கு. பழநில இருந்து வந்த பஞ்சாமிர்த டப்பா மூடி சரியா மூடாம குளோவ் பாக்ஸ்ல இருந்த வண்டியும் பாத்திருக்கேன், முருகன் மன்னிக்கட்டும், அத கழுவ நான் பட்ட பாடு.

டிக்கில பலாப்பழம் கசிஞ்சத தொடச்சிட்டோம்னு சொன்னீங்க இல்ல, அந்தக் கார்பெட்ட தூக்குங்க. கீழ ஸ்டெப்னி குழி, அதுல பசை மாதிரி ஓடிப் போயி காஞ்சிருக்கும், கார்பெட்டுக்கு பின்பக்கமும் இருக்கும், ஓரத்துல சீரகத்த விட சின்னதா பிரவுன் கலர்ல கூடு கூடா ஒட்டியிருந்தா அதான் நான் சொன்ன கூட்டுப்புழு. பலாப் பாலுக்கு தேங்கெண்ணெய் தடவி தேச்சாத்தான் விடும், வீட்டுல அருவாமணைக்குத் தடவுறோமே அதே கதைதான், அதுக்கப்புறம் பாத்திரம் வெளக்குற லிக்விட் போட்ட வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு தடவ தொடச்சு எண்ணெய எடுத்துருங்க. இனிப்பு பஞ்சுக்குள்ள எறங்கியிருந்தா தொடச்சு புண்ணியமில்ல, கார்பெட்ட கழட்டி சோப்புத் தண்ணில முக்கி அலசி கொடில போட்டுருங்க, டிக்கி கார்பெட்டு பெரும்பாலான வண்டில சும்மா தூக்குனா வந்துரும். குழிக்கு அடியில ஒரு ரப்பர் மூடி இருக்கும், அத எடுத்துட்டு கழுவுனா தண்ணி கீழ போயிரும், கழுவிட்டு மறக்காம திரும்பப் போடுங்க, இல்லன்னா அடுத்த மழைக்கு ரோட்டுத் தண்ணியே மேல வரும்.

அடுத்து பானெட்டத் தெறந்து வைப்பர் ஜாலி. மேலாப்புல இருக்குற எலைய கையால அள்ளிடலாம், அடியில மக்குனத எடுக்க ஜாலிய கழட்டணும், வைப்பர் கையெல்லாம் எடுக்கணும், பழக்கமில்லன்னா தெரிஞ்ச மெக்கானிக்க கூப்புட்டுக்கோங்க, ஒரு மணி நேர வேலைதான். சுத்தம் பண்ணுனப்புறம் ஒரு சொம்பு தண்ணிய மெதுவா ஊத்தி ரெண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னாடி வருதான்னு பாருங்க. வாட்டர் வாஷ் கன்ன மட்டும் அதுக்குள்ள காட்டாதீங்க, புளோயர் மோட்டார் நனஞ்சா அப்புறம் என் கடைக்குத்தான் வரணும், எனக்கு வருமானம்தான், ஆனா வேண்டாம். அதுக்கப்புறம் குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி கேபின் பில்டர், உள்ள வர்ற காத்த வடிகட்டுறது, ஏழு வருஷத்துல எத்தன தடவ மாத்துனீங்க? பத்தாயிரம் பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒண்ணுன்னு மாத்தணும், சில சின்ன வண்டில கம்பெனில இருந்தே பில்டர் போடாம வெறும் சந்து மட்டும் விட்டிருப்பான், அப்படி இருந்தா ஒண்ணு வாங்கி சொருகிக்கோங்க, நாலு பேரு பிரியாணி சாப்புடுற காசு கூட ஆகாது. தண்ணி ட்யூப்ப கீழ இருந்து மெதுவா காத்து அடிச்சு எடுத்து விடச் சொல்லுங்க, கம்பிய விட்டு குத்துனா ட்யூப்பு உள்ள கழண்டுரும்.

இருக்குறதுலயே நேரம் புடிக்கிற வேல காய வெக்கிறதுதாங்க, இங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. மேல துணி காஞ்சா காஞ்சிருச்சுன்னு நெனச்சு மேட்ட விரிச்சுருவாங்க. பஞ்சு நனஞ்சிருந்தா மேட்டிங்க கதவோரத்து பிளாஸ்டிக் கழட்டி தூக்கி, அடியில ரெண்டு செங்கல்லோ கட்டையோ முட்டுக் குடுத்து, கதவு நாலையும் தெறந்து வெயில்ல ரெண்டு முழு நாளு, ராத்திரில வீட்டு டேபிள் ஃபேன உள்ள காட்டி விடுங்க. பேட்டரி எறங்காம இருக்க உள்ள எரியுற லைட்ட அணச்சு வெக்கணும். திரும்ப நியூஸ்பேப்பர் டெஸ்ட், தாளு காஞ்சு வந்தாத்தான் மூடணும். சேலத்துல காஞ்சுரும், இதையே ஏற்காட்டுல மேகத்துக்குள்ள வெச்சுக் காய வெக்கப் பாத்தீங்கன்னா பூஞ்சைதான் வளரும், அதனால அந்த ரெண்டு நாளு வண்டி கீழயே இருக்கட்டும், அவரு பஸ்ல போயிட்டு வரட்டும்.

சில பேரு சொல்லுவாங்க, வெயில்ல கண்ணாடிய மூடி நிறுத்துனா சூட்டுலயே எல்லாம் செத்துரும்னு. பாதி நெசம். நம்ம ஊர் மத்தியான வெயில்ல மூடுன கார் உள்ள அம்பது டிகிரிய தாண்டிடும், பறக்குற ஈ தாங்காது. மேட்டிங்குக்கு அடியில ஈரப் பஞ்சுக்குள்ள அவ்ளோ சூடு போகாது, முட்டையும் புழுவும் அங்க குளுகுளுன்னு இருக்கும். சுத்தம் பண்ணுனதுக்கு அப்புறம் மிச்ச மீதிய ஒழிக்க வேணா ஒரு மத்தியானம் மூடி வெச்சுப் பாருங்க, அப்ப ஸ்ப்ரே டப்பா, லைட்டர், சானிடைசர், பவர் பேங்க் எதுவும் உள்ள இருக்கக் கூடாது, பையனையோ நாய்க்குட்டியையோ அஞ்சு நிமிஷம் கூட உள்ள விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பொறி வெக்கிறது சுத்தம் பண்ணுன பின்னாடி. பழ ஈக்கு ஒரு சின்ன டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் வினிகர், ஒரு துண்டு கனிஞ்ச மாம்பழத் தோலு, மூணு சொட்டு பாத்திர லிக்விட், அந்த சோப்பு இல்லன்னா ஈ தண்ணி மேல நின்னுட்டு குடிச்சுட்டுப் பறந்துரும், சோப்பு இருந்தா முங்கிரும். நிறுத்தி வெச்ச வண்டில மட்டும் வையுங்க, மறந்து அதோட கெளம்பி மொத வளைவுலயே கொட்டுச்சுன்னா புதுசா ஒரு ஊத்துக்கண்ண நீங்களே உண்டாக்குன மாதிரி. பூஞ்சை ஈ வினிகருக்கு அவ்வளவா வராது, அதுக்கு உரக்கடைல விக்கிற மஞ்சள் ஒட்டும் அட்ட, தோட்டத்துல வெள்ள ஈக்கு கட்டுவாங்களே, அதுல கால்வாசி வெட்டி சீட்டுக்கு அடியில வெச்சா போதும். மூணாவதா ஒண்ணு, வெயில் காலத்துல கண்ணச் சுத்தியே பறக்குற கருப்பு கண் ஈ, அது கண்ணாடி தெறந்திருக்கும்போது வெளிய இருந்து வர்றது, கார்ல பொறக்குறதில்ல, அதுக்கு பொறி எதுவும் வேண்டாம், கண்ணாடிய ஏத்துனா சரியாப் போச்சு.

சுத்தம் பண்ணுன மறுநாளே நாலு ஈ பறந்தா மனசு ஒடஞ்சு போகாதீங்க. ஒளிஞ்சிருந்த கூட்டுப்புழு வெளிய வரும், பழ ஈ பத்து பன்னெண்டு நாள் வரைக்கும் ஒண்ணு ரெண்டு தெரியும், பூஞ்சை ஈக்கு மூணு நாலு வாரம் கூட ஆகும், அதோட சுத்து கொஞ்சம் மெதுவு. எண்ணிக்க நாளுக்கு நாள் கொறஞ்சா நீங்க ஜெயிச்சுட்டீங்க. பத்து நாளைக்கு அப்புறம் பழ ஈ கூடுச்சுன்னா எங்கயோ ஒரு வாழப்பழம் இன்னும் மிச்சம் இருக்கு, திரும்ப டேப்ப எடுங்க.

ஏசி வாடைக்கு ஒரு பழக்கம் மட்டும். வீடு வர்றதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி ஏசி பட்டன அணச்சுட்டு புளோயர மட்டும் ஓட விடச் சொல்லுங்க, காயில் காஞ்சுரும். மேல ஏறும்போது அடிவாரத்துல இருந்து ஏசிய அணச்சுட்டு உள்காத்தே சுத்துற பட்டன அழுத்தி வெச்சுக்கிட்டே போறாருன்னா அதையும் மாத்தணும், நாலு பேரோட மூச்சு ஈரம் பூரா உள்ளயே தங்கும்.

கண்ணுல ஈ போனத நீங்க சாதாரணமா ஒரு வரில எழுதிட்டீங்க, எனக்கு அதுதான் ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. இருபது வளைவு, எறக்கம், எதுக்க பஸ்ஸு ஏறி வரும். அடுத்த தடவ அப்படி ஆச்சுன்னா கண்ணக் கசக்காம, இன்னொரு கண்ணால பாத்து வேகத்தக் கொறச்சு, இண்டிகேட்டர் போட்டு, வளைவ தாண்டி அகலமான எடத்துல ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் கண்ணப் பாக்கணும், நல்ல தண்ணி ஊத்தி இமைய இமைய வந்துரும், வராம உறுத்திக்கிட்டே இருந்தா கண் டாக்டர்கிட்ட போயிருங்க. கையால தட்டி விடுறேன்னு ஸ்டியரிங்க விடவே கூடாது. கெளம்புறதுக்கு முன்னாடி நாலு கதவையும் ரெண்டு நிமிஷம் தெறந்து வெச்சு இருக்குறத வெளிய விரட்டிட்டு, வண்டி நகரும்போது பின் கண்ணாடிய கொஞ்ச தூரம் எறக்கி விட்டாலே பாதி போயிரும்.

பையனப் பத்தி: அந்த ஈ கடிக்காது, எனக்கு பயமெல்லாம் அந்த ஈரப் பஞ்சுல வளர்ற பூஞ்சை மேலதான், மூச்சுக் கோளாறு இருக்குற புள்ளைக்கு அது ஆகாது. மேட்டிங்கு காஞ்சு, பில்டர் மாத்துற வரைக்கும் அவன அதுல ஏத்தாதீங்க, அதுக்கப்புறமும் கார்ல போயிட்டு வந்தா இருமல் கூடுதான்னு மட்டும் கவனிச்சு அவனோட டாக்டர்கிட்ட சொல்லுங்க. திங்கக்கெழம, செவ்வாக்கெழம ஸ்கூட்டில கொண்டுபோய் விட்டுருங்க, புதன்கிழமை காலைல நியூஸ்பேப்பர் காஞ்சு வந்துச்சுன்னா கார எடுங்க. தாளு நனஞ்சா இன்னும் எங்கயோ தண்ணி எறங்குது, வண்டியோட வாங்க, வரும்போது டேப்பையும் கழட்டாம அப்படியே கொண்டாங்க.